யூட்டா பாலைவனத்துல ரெண்டு பைக், ஒரு ரூல்

போன எபிசோட்ல யூட்டா பைக் ட்ரிப் பத்திப் போற போக்குல ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி "ரூட் சொல்லுங்க ப்ரோ". மீதிப் பாதி "கூட வந்தவர் என்ன ஆனார்?" ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவன்கிட்ட பெர்மிஷன் வாங்க வேண்டியிருந்தது. வாங்கிட்டேன். பேர் மட்டும் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். காலேஜ் ஹாஸ்டல்ல நாலு வருஷம் ஒரே ரூம். அன்னிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் மாப்ளன்னுதான் கூப்பிடுவோம். அதனால இந்த எபிசோட் முழுக்க அவன் மாப்ள.

மாப்ளைக்கு ஆகஸ்ட்ல வேலை போச்சு. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, அது இங்க முக்கியமும் இல்ல. எச்-1பி விசாவுல இருக்கிறவங்களுக்கு வேலை போனா கிடைக்கிற டைம் அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி உங்களுக்காகப் பெட்டிஷன் போடணும், இல்ல வேற ஸ்டேட்டஸுக்கு விண்ணப்பிக்கணும், இல்லன்னா பெட்டியைக் கட்டணும். அந்த 60 நாளை எண்ணிப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், அதுல சனி ஞாயிறும் சேர்த்தின்னு.

நாங்க கிளம்பினது அவனோட 29-வது நாள். "அறுபதுல ஆறு நாளை பைக் ஓட்டியா கழிப்ப?"ன்னு அவனோட சித்தப்பா பையன் டெக்சாஸ்ல இருந்து போன் பண்ணித் திட்டினான். என் அபிப்பிராயம் வேற. 28 நாள் லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்து, ரெஸ்யூமே அனுப்பி, ரெஃபரல் கேட்டு, ராத்திரி 2 மணிக்கு கோடிங் பிராக்டிஸ் பண்ணிட்டு இருந்தவன் அவன். ட்ரிப் போலாம்னு கேட்டதே அவன்தான். "இந்த நாட்டை விட்டுப் போறேனோ இல்லையோ, அந்த கேன்யனைப் பார்க்காம போகக் கூடாது மாப்ள"ன்னு சொன்னான். மறுத்துப் பேச எனக்கு மனசு வரல.

சரி, முதல்ல ரூட். நான் இருக்கிறது சால்ட் லேக் சிட்டி. அங்கிருந்து தெற்கே இறங்கி எஸ்கலான்ட்டே. அங்க ரெண்டு ராத்திரி. அப்புறம் ஹைவே 12 வழியா போல்டர், டோரி, கேபிடல் ரீஃப். அங்கிருந்து ஹாங்க்ஸ்வில். ஹைவே 95-ல கொலராடோ ஆத்தைத் தாண்டி, 261-ல திரும்பி மெக்ஸிகன் ஹாட். கடைசியா மான்யுமென்ட் வேலி, மோவாப், வீடு. ஆறு நாள், சுமார் 1,600 கிலோமீட்டர். மாசம் செப்டம்பர்.

மாப்ளையோட பைக் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. சென்னைக்குப் பக்கத்துல செஞ்சு, கப்பல்ல ஏத்தி, அமெரிக்கா வந்து, இன்னொருத்தன் ஓட்டிச் சலிச்சு, கடைசியில தென்காசிக்காரன் கையில வந்து சேர்ந்த வண்டி. என்னோடது ஹோண்டா சிபி500எக்ஸ். தார் ரோட்டுல என் வண்டி முன்னாடி போகும். மண் ரோட்டுல அவன் காணாமப் போயிருவான். ஓட்டுறதுலயும் அப்படித்தான்: கிராவல்ல அவன் எனக்கு மாஸ்டர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்த ஊர் எப்படி இருக்கும்னு சொல்லணும். மணல் மட்டும் இருக்கிற பாலைவனம்னு கற்பனை பண்ணிக்காதீங்க. அது கல் பாலைவனம். ஜுராசிக் காலத்துல அங்க நிஜமாவே பெரிய மணல் மேடுகள் இருந்திருக்கு. அது புதைஞ்சு, இறுகி, கல்லாகி, இப்ப செக்கச்செவேல்னு வெளிய நிக்குது. பாறையில அலை அலையா சாய்ஞ்ச கோடு தெரியும். அந்தக் காலத்துக் காத்து மணலை அடுக்கின கோடு அது. அந்தப் பாறையைத் தண்ணி அறுத்து, அறுத்து, கேன்யன் ஆக்கியிருக்கு. சில இடத்துல ஆழம் பத்து மாடி, அகலம் ஒரு ஆள் பக்கவாட்டுல நுழையுற அளவு. அதை ஸ்லாட் கேன்யன்னு சொல்றாங்க.

அதாவது அங்க கண்ணுக்குத் தெரியுற எல்லாமே தண்ணி செஞ்ச வேலை. ஆனா தண்ணி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் பாறை, செடி கொடி கம்மி, மழை பெஞ்சா உறிஞ்ச மண் இல்ல. எங்கயோ மேட்டுல அரை மணி நேரம் அடிச்சு ஊத்தினா, மொத்தத் தண்ணியும் புனல்ல விட்ட மாதிரி அந்த இடுக்குக்குள்ள வந்து சேரும். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிச்சுட்டு இருக்கும்.

1997 ஆகஸ்ட் 12, அரிசோனாவுல பேஜ் ஊருக்குப் பக்கத்துல ஆன்டலோப் கேன்யன். இன்ஸ்டாகிராம்ல ஒளிக்கற்றை விழுற ஆரஞ்சு கலர் பாறை போட்டோ பார்த்திருப்பீங்களே, அதுதான். பல மைல் தள்ளி இடி மழை. கேன்யனுக்கு மேல பெரிசா மழையே இல்ல. வெள்ளம் வந்து உள்ள இருந்த 11 டூரிஸ்ட் செத்துப் போனாங்க. அவங்களோட போன கைடு மட்டும் பிழைச்சார். இன்னிக்கு அங்க நவஹோ கைடு இல்லாம யாரும் உள்ள போக முடியாது.

இதெல்லாம் படிச்சுட்டுத்தான் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி. மெஷ் ஜாக்கெட்டுக்கு உள்ள நனைச்ச டீ-ஷர்ட். காத்து உடம்புச் சூட்டை விட அதிகமா இருந்தா வேகமா ஓட்டினா குளிராது, ஹேர் டிரையர் முன்னாடி நிக்கிற மாதிரிதான் இருக்கும். ஈரத் துணி இருந்தா கதையே வேற. அப்புறம் என் டீம்ல இருக்கிற ஒரு அண்ணாகிட்ட தினமும் எங்க போறோம்னு எழுதிக் குடுத்திருந்தோம். "ராத்திரி 9 மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா அந்தக் கவுன்ட்டி ஷெரிஃப் ஆஃபீஸுக்குக் கூப்பிடுங்கண்ணா." அங்க தேடி மீட்கிற வேலை ஷெரிஃப் பொறுப்பு.

இது ஓவர்னு தோணுதா? ஏ.ஆர்.ரஹ்மான் மியூசிக் போட்ட ‘127 ஹவர்ஸ்’ படம் பார்த்திருப்பீங்க. 2003-ல ஆரோன் ரால்ஸ்டன் கை பாறையில மாட்டின புளூஜான் கேன்யன் எங்க ரூட்டுல இருக்கிற ஹாங்க்ஸ்வில்லுக்குக் கிழக்கேதான் இருக்கு. அந்த ஆள் அஞ்சு நாள் அங்க கிடந்ததுக்குக் காரணம் பாறை மட்டும் இல்ல. எங்க போறேன்னு அவர் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகல.

இப்ப ரூலுக்கு வர்றேன். இது எங்க பழைய ரூல். காலேஜ் செகண்ட் இயர்ல கொல்லிமலைக்கு ஒரே பைக்ல போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறினப்ப இருட்டிருச்சு, மழை. அப்ப மாப்ள ஒரு சட்டம் போட்டான்: யாராவது ஒருத்தர் ‘திரும்பலாம்’னு சொன்னா திரும்பணும். ஏன்னு கேட்கக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணக் கூடாது. அன்னிக்கு அவனே சொன்னான், திரும்பிட்டோம். அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ரிப்லயும் அது இருந்துச்சு. உபயோகப்படுத்த வேண்டிய அவசியம்தான் வரல.

ரெண்டாவது நாள் காலையில வந்துச்சு.

எஸ்கலான்ட்டே பக்கத்துல ஹோல்-இன்-தி-ராக் ரோடுன்னு ஒண்ணு பிரியும். 90 கிலோமீட்டருக்கு மேல மண் ரோடு. வாஷ்போர்டு மாதிரி வரி வரியா இருக்கும், பல்லு ஆடிரும். அந்த ரோட்டுக்கு ஒரு கதை இருக்கு. 1879 கடைசியில சுமார் 250 மார்மன் குடியேறிகள், 80 சொச்சம் வண்டிகளோட, புது ஊர் அமைக்க அந்த வழியா கிளம்பினாங்க. ஆறு வாரத்துல போயிரலாம்னு கணக்கு. ஆனது ஆறு மாசம். நடுவுல, போக வழி இல்லைன்னு தெரிஞ்சப்ப, பின்னாடி மலையில பனி விழுந்து திரும்புற வழியும் அடைஞ்சு போச்சு. வேற வழியில்லாம பாறையில இருந்த ஒரு வெடிப்பை உடைச்சு அகலமாக்கி, வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கி, கொலராடோ ஆத்தைத் தாண்டினாங்க. ரோட்டோட பேரே அந்த ஓட்டைதான்.

அந்த ரோட்டுல சுமார் 42 கிலோமீட்டர்ல டிரை ஃபோர்க் திருப்பம். பீக்-எ-பூ, ஸ்பூக்கின்னு ரெண்டு ஸ்லாட் கேன்யன். மாப்ள மூணு வருஷமா லேப்டாப் வால்பேப்பரா வெச்சிருந்தது ஸ்பூக்கியோட போட்டோ. அவன் ‘அந்த கேன்யன்’னு சொன்னது இதைத்தான்.

அந்தப் பகுதிக்கு வானிலை மையம் தினமும் வெள்ள வாய்ப்பு எவ்வளவுன்னு ஒரு ரேட்டிங் குடுக்கும். அன்னிக்கு ‘பாசிபிள்’. எதிர்பார்க்கலைன்னும் இல்ல, வரும்னும் இல்ல. இந்த மாதிரி ஒரு வார்த்தையை வெச்சு என்ன முடிவு எடுக்கிறது, சொல்லுங்க. போய்ப் பார்த்து முடிவு பண்ணுவோம்னு கிளம்பினோம். பத்தரை மணிக்கு பார்க்கிங்ல வண்டியை நிறுத்தினோம். தலைக்கு மேல துடைச்சு விட்ட மாதிரி நீல வானம். மேற்கே ஸ்ட்ரெயிட் கிளிஃப்ஸ்னு நீளமா ஒரு மலைச்சுவர். அதுக்கு மேல ஒரே ஒரு மேகம், அடிவயிறு கறுப்பு. கீழ சாம்பல் கலர்ல சீப்பு வாரின மாதிரி கோடு. அந்தச் சுவர் பக்கம் விழுற தண்ணி கிழக்கே இறங்கி, நாங்க நிக்கிற பக்கம் வழியாத்தான் எஸ்கலான்ட்டே ஆத்துக்குப் போகணும். மேப்ல முந்தின ராத்திரியே பார்த்து வெச்சிருந்தேன்.

"மாப்ள, திரும்பலாம்."

"டேய், எங்கடா மழை? மேல பாரு."

"அங்க பாரு."

"அது எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்! ரெண்டு மணி நேரம்டா. போயிட்டு வந்துரலாம்."

"நீ தென்காசிக்காரன். மலையில மேகம் கட்டினா மெயின் அருவியில போய் நிப்பியா? உனக்கு நான் சொல்லணுமா?"

அவன் ஒண்ணும் பேசல. அப்ப ஒரு வெள்ளைக்கார ஜோடி பேக்பேக் மாட்டிக்கிட்டு எங்களைத் தாண்டி, ஹாய் சொல்லிட்டு, ஜாலியா கீழ இறங்கிப் போனாங்க. மாப்ள அவங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ரூல் அவன் போட்டது. ஹெல்மெட்டை மாட்டினான், இன்டர்காமை ஆஃப் பண்ணான், வண்டியைத் திருப்பினான். புழுதியில அஞ்சு நிமிஷத்துல மறைஞ்சு போயிட்டான்.

சாயங்காலம் எஸ்கலான்ட்டேல சாப்பிடப் போனா, பக்கத்து டேபிள்ல அதே ஜோடி. போன்ல போட்டோ காட்டினாங்க. சுருள் சுருளா ஊதாவும் ஆரஞ்சும். ஒரு சொட்டு தண்ணி வரலையாம். மாப்ள பொறுமையா எல்லா போட்டோவையும் பார்த்தான், "பியூட்டிஃபுல்"னு சொன்னான். ரூமுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

நீங்க என்ன நினைப்பீங்கன்னு தெரியும். அப்ப நீ எடுத்த முடிவு தப்புதானேன்னு. நான் அப்படி நினைக்கல, இன்னிக்கும் நினைக்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் பண்ணாத கோடை புரொடக்‌ஷன்ல ஏத்தி, ஒண்ணும் ஆகலைன்னா அது நல்ல முடிவுன்னு ஆயிருமா? பத்துல ஒன்பது தடவை அந்த கேன்யன் காய்ஞ்சுதான் கிடக்கும். பத்தாவது தடவை வெளிய ஏற வழி இல்ல. இதை நான் மாப்ளகிட்ட சொல்லல. நம்ம பக்கம் நியாயம் இருக்குங்கிறதுக்காக, தூங்கப் போறவனை எழுப்பி லாஜிக் பேசக் கூடாது.

மூணாவது நாள் ஹைவே 12. மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். பைக் ஓட்டுறவங்க வாழ்க்கையில ஒரு தடவை ஓட்டிரணும்னு நான் அடிச்சுச் சொல்ற ரோடு இது. எஸ்கலான்ட்டேக்கும் போல்டருக்கும் நடுவுல ஹாக்பேக்னு ஒரு இடம். கத்தி முனை மாதிரி ஒரு மேடு, அது மேல ரோடு, ரெண்டு பக்கமும் பாதாளம். பல இடத்துல தடுப்புச் சுவரே இல்ல. போல்டர் கிராமத்துக்கு ரோடு வர்றதுக்கு முன்னாடி தபால் கோவேறு கழுதை மேல வந்திருக்கு. அதுக்கு அப்புறம் ரோடு 2,900 மீட்டர் வரைக்கும் ஏறுது. காலையில வேர்த்து ஊத்தின நாங்க மேல போய் கிளவுஸ் மாத்தினோம். ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளா மாற ஆரம்பிச்சிருந்துச்சு. இவ்வளவு அழகுக்கு நடுவுல இன்டர்காம்ல ஒரு சத்தம் இல்ல. அவனோட டெயில் லைட்டை மட்டும் பார்த்துக்கிட்டே ஓட்டினேன்.

கேபிடல் ரீஃப் பார்க்குக்கு உள்ள ஃப்ரூட்டான்னு ஒரு இடம். பழைய குடியேறிகள் நட்ட பழத்தோட்டம், இப்ப பார்க்கோடது. சீசன்ல யார் வேணும்னாலும் பறிச்சுத் திங்கலாம். தோட்டத்துல நின்னு தின்னா காசு இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எடை போட்டு காசு வெச்சுட்டுப் போகணும். ஆப்பிள் மரத்தடியில உட்கார்ந்தோம். மாப்ள மூணு தின்னான். நாலாவதைத் துடைச்சு என்கிட்ட நீட்டினான். வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் அன்னிக்குப் பேச்சு.

ஹாங்க்ஸ்வில்ல டேங்க் ஃபுல் பண்ணிருங்க. இதைக் கொட்டை எழுத்துல போட்டுக்கோங்க. அடுத்த 200 கிலோமீட்டருக்கு பெட்ரோலை நம்ப முடியாது, சிக்னல் கிடையாது. அங்கதான் மாப்ள போனைப் பார்த்தான். ரெண்டு ரிஜெக்ட் மெயில். அப்புறம் அவங்க அப்பா வாட்ஸ்அப்ல குரல் பதிவு. அதை என் முன்னாடியே ஸ்பீக்கர்ல போட்டான்: "வந்துருப்பா. லோனைப் பத்தி யோசிக்காத." மாஸ்டர்ஸ் படிக்க எடுத்த லோன்ல இன்னும் 11 லட்சம் பாக்கி. வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. யோசிக்காதன்னு சொன்னா யோசிக்காம இருக்க முடியுமா?

நாலாவது நாள் ஹைவே 95. கொலராடோ ஆத்துக்கு மேல ஹைட்னு ஒரு வியூ பாயின்ட். இது ஒரு காலத்துல லேக் பவல் ஏரியோட மேல் முனை. கீழ கிளென் கேன்யன் அணையை 1963-ல மூடினதால உருவான ஏரி. இப்ப நீர்மட்டம் இறங்கிப் போய், படகு இறக்குற சிமென்ட் சரிவு தண்ணியே இல்லாம அந்தரத்துல நிக்குது. அடியில பழைய ஆறு மறுபடி ஓடுது, டீ கலர்ல. வடக்கே இருந்து டர்ட்டி டெவில்னு ஒரு ஆறு வந்து கலக்குது. பேர் வெச்சது ஜான் வெஸ்லி பவலோட குழு.

அங்க வெச்சுத்தான் மாப்ள வாயைத் திறந்தான். ரெண்டு நாளா ஹோம்வொர்க் பண்ணியிருக்கான்!

"பவல் கதை தெரியுமா உனக்கு?"

கொஞ்சம் தெரியும்னேன். உள்நாட்டுப் போர்ல ஒரு கையை இழந்த மனுஷன். 1869-ல பத்துப் பேர், நாலு படகு, மேப்ல வெத்திடமா இருந்த ஆத்துல இறங்கினாங்க. ஒருத்தர் ஆரம்பத்துலயே விலகிட்டார். மூணு மாசம் கழிச்சு, கிராண்ட் கேன்யன்ல ஒரு பயங்கர நீர்ச்சரிவு. சாப்பாடு தீர்ந்து போச்சு. மூணு பேர் சொல்லிட்டாங்க, போதும், நாங்க மேல ஏறிப் போயிடறோம்னு. ஆகஸ்ட் 28. பவல் தடுக்கல. மீதி ஆறு பேர் அந்தச் சரிவுல இறங்கி, ரெண்டே நாள்ல கேன்யனை விட்டு வெளிய வந்துட்டாங்க. மேல ஏறின மூணு பேரும் கொல்லப்பட்டுட்டாங்க. யார் கொன்னாங்கன்னு இன்னிக்கும் சண்டை நடக்குது.

"அந்த மூணு பேரும் உன் ரூலைத்தான் ஃபாலோ பண்ணாங்க. ரெண்டு நாள்டா. ரெண்டே நாள் பொறுத்திருந்தா..."

அவன் ஸ்பூக்கியைப் பத்திப் பேசலைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"அப்பா திரும்புங்கறார். சித்தப்பா பையன் இருங்கறான். நீ அன்னிக்குத் திரும்புன்னு சொன்ன, ஒண்ணுமே ஆகல. 58-வது நாள் ஆஃபர் வந்தா? நான் 50-ல கிளம்பியிருந்தா?"

எனக்கு உடனே பதில் வரல. யோசிச்சுச் சொன்னேன்: அந்த மூணு பேருக்கும் திரும்புறதுன்னா தெரிஞ்ச வழி இல்லடா, அதுவும் தெரியாத பாலைவனம்தான். நமக்கு அன்னிக்குத் திரும்பினதுக்கு விலை ஒரு நாள், ஒரு போட்டோ. கேன்யன் அடுத்த வருஷமும் இருக்கும். ஹோல்-இன்-தி-ராக் ஆளுங்களுக்கு வழி அடைஞ்சு போனதால அவங்க யோசிக்கவே வேண்டியிருக்கல. உனக்கு ரெண்டு பக்கமும் வழி திறந்திருக்கு, அதான் கஷ்டம். "ஊருக்குப் போறது எனக்குத் தெரிஞ்ச வழியா, தெரியாத வழியா?"ன்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட நிஜமாவே பதில் இல்ல. ஏழு வருஷம் ஆச்சு அவன் ஊரை விட்டு வந்து.

மத்தியானம் மோக்கி டக்வே. 261-ல தார் ரோடு நல்லா போயிட்டே இருக்கும், திடீர்னு மலையோட விளிம்பு. கீழ பாலைவனம் கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும். ரோடு அந்தச் செங்குத்துச் சுவர்ல ஜிக்ஜாக்கா இறங்குது, சுமார் 5 கிலோமீட்டர், 300 மீட்டருக்கு மேல இறக்கம், அதுவும் கிராவல். 1950-கள்ல யுரேனியம் தாதுவை லாரியில கீழ கொண்டு போறதுக்குச் சுரங்கக் கம்பெனி வெட்டின ரோடு. அந்தச் சரிவுல லோடு லாரி ஓட்டினவங்களை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

நான் விளிம்புல நின்னு கீழ பார்த்தேன். முழங்கால் லேசா ஆடுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ‘டிங்’. இன்டர்காம் ஆன் ஆச்சு.

"மாப்ள, திரும்பணும்னா சொல்லு. பிளாண்டிங் வழியா சுத்திப் போலாம். ஏன்னு கேட்க மாட்டேன்."

நக்கல் இல்ல. நிஜமாவே கேட்டான். போலாம்னு சொன்னேன். அதுக்கப்புறம் இறங்கி முடிக்கிற வரைக்கும் அவன் குரல் காதுல: "ஃபர்ஸ்ட் கியர்லயே வா. கிளட்ச்சைத் தொடாத. முன் பிரேக்கை மறந்துரு. பள்ளத்தைப் பார்க்காத, வளைவு முடியுற இடத்தைப் பாரு. அங்கதான் வண்டி போகும். லூஸ் மண் வருது, எழுந்து நில்லு. குட்." முக்கால் மணி நேரம் ஆச்சு. எஸ்யூவில வந்தவங்க எல்லாம் ஓவர்டேக் பண்ணிப் போனாங்க.

கீழ போனதும் பக்கத்துலயே கூஸ்நெக்ஸ். சான் ஹுவான் ஆறு 300 மீட்டர் ஆழத்துல வளைஞ்சு வளைஞ்சு போகுது. நேர்கோட்டுல ரெண்டரை கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு ஆறு சுமார் 10 கிலோமீட்டர் ஓடுது. அங்க விளிம்புல உட்கார்ந்து, மீதி இருந்த தண்ணியைக் குடிச்சுட்டு இருந்தப்ப அவன் சொன்னான்: "45."

"என்ன 45?"

"டர்ன் அரவுண்ட் டைம். ஹைக்கிங் போறவங்க வெப்பாங்கல்ல, இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு. தண்ணி பாதி இருக்கும்போதே. 45-வது நாள் வரைக்கும் முழு மூச்சா தேடுவேன். ஆஃபர் இல்லைன்னா அன்னிக்கு டிக்கெட் போடுவேன். 58-ல வருமோ 59-ல வருமோன்னு உட்கார்ந்துட்டு இருக்க மாட்டேன். சேவிங்ஸ் முழுசாத் தீர்ந்து கையில ஒண்ணும் இல்லாம ஊர்ல போய் இறங்க மாட்டேன்."

நான் ஒண்ணும் சொல்லல. ரூல்ல அதுவும் இருக்கு, ஏன்னு கேட்கக் கூடாது.

மான்யுமென்ட் வேலியைப் பத்தி ரெண்டே விஷயம். அது நவஹோ மக்களோட நிலம், அவங்க பார்க். உள்ள இருக்கிற மண் ரோட்டுல பைக்குக்கு அனுமதி இல்ல, அதனால மேல இருந்து பார்த்துட்டு வரணும், இல்ல அவங்க ஜீப்ல போகணும். ரெண்டாவது, நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. கோடைக்காலத்துல அரிசோனா கடிகாரத்தை மாத்தாது. ஆனா அரிசோனாவுக்குள்ள இருக்கிற நவஹோ நேஷன் மாத்தும். நவஹோ நேஷனுக்குள்ள இருக்கிற ஹோப்பி மக்களோட நிலம் மாத்தாது. போன்ல மணி முன்னாடி போகும், பின்னாடி வரும். டைம் ஜோன் கோடு எழுதி அழுதவங்க அங்க போய் நின்னு ஒரு செல்ஃபி எடுத்துக்கோங்க.

அடுத்த கேள்விக்கு வர்றேன், அவர் என்ன ஆனார். 41-வது நாள் ஒரு கம்பெனியில ஃபைனல் ரவுண்டு வரைக்கும் போனான். கிடைக்கல. 45-வது நாள் டிக்கெட் போட்டான். 49-வது நாள் நான்தான் ஏர்போர்ட்ல விட்டேன். ஹிமாலயனை அதுக்கு முன்னாடியே ஒரு காலேஜ் பையனுக்கு வித்துட்டான். 58-வது நாள் ஏதாவது ஆஃபர் மெயில் வந்துச்சான்னு நிறைய பேர் கேட்டாங்க. வரல. வந்திருந்தாலும் கதை இதேதான்.

இப்ப சென்னையில வேலை. சந்தோஷமா இருக்கானான்னு கேட்டா, சில நாள் இருக்கான். சம்பளத்துல பாதி இஎம்ஐக்குப் போகுது, அதனால புது பைக் இப்போதைக்கு இல்ல. ஒரகடம் பக்கம்தான் ஆஃபீஸ். காலையில கம்பெனி பஸ்ல போறப்ப, ஃபேக்டரியில இருந்து புது வண்டிகளை அடுக்கி ஏத்தின லாரி முன்னாடி போனா, ஜன்னல் வழியா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். கீழ எதுவும் எழுத மாட்டான்.

ஸ்பூக்கிக்கு அடுத்த வருஷம் நான் தனியா போகலாமான்னு அவன்கிட்ட கேட்டேன். "போய்த்தான் பாரேன்"னான். அது அனுமதியா மிரட்டலான்னு இன்னும் தெரியல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.